கடைசி ஆள்

என் தம்பிக்குப் பின்னால் யாரும் நடக்கக்கூடாது. கடைக்குப் போனாலும் சரி, படியேறினாலும் சரி, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று ஒதுங்கி நின்று வழிவிட்டு, எல்லோரும் போன பிறகுதான் இவன் காலெடுத்து வைப்பான். பார்க்கிறவர்கள், எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷன் என்று மெச்சிக்கொள்வார்கள். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கல்லவா தெரியும்.

எங்களுக்குச் சலவைக் கடை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். காலையில் பாய்லரைப் போட்டால் சாயங்காலம் வரை கடை முழுக்க ஆவிதான். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது, குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ராணுவத்திலிருந்து திரும்பி வந்த தம்பி ஒருநாள் கடைக்குள் நுழைந்தான், அந்த ஆவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான், நான் இங்கேயே இருந்துக்கிறேன் என்றான். அன்றிலிருந்து இங்கேதான்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவனுடைய இஸ்திரி மேசையைச் சுவரோரம் போட வேண்டியிருந்தது, முதுகு சுவரில் படும்படி. அதற்காகப் பாதிக் கடையை இடம் மாற்றினேன். மறதியாகத் துணி வண்டியை அவன் முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனால் போதும், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவான். துணி கருகாது. அந்த அளவுக்கு நிதானம் உண்டு அவனுக்கு. என் வயிறுதான் கருகும்.

ஒரே ஒரு வேலையில் மட்டும் அவன் முகம் தெளிந்திருக்கும். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரு உதறு உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி பின்வாங்க வேண்டும். அதில் யாரும் யாருக்கும் பின்னால் இல்லை. ஆவிக்குள்ளிருந்து அவன் முகம் என்னை நோக்கி வரும், போகும், வரும். சில நாட்களில் மடிக்க வேண்டியதே இல்லாத துணியைக்கூட எடுத்து வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிடுவேன்.

அவனாக என்னிடம் எதையும் சொன்னதில்லை, கல்லுளிமங்கன். அவனோடு ஒரே பிரிவில் இருந்த விசில்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது அவர் மனைவிக்கே வெளிச்சம். கண்ணிவெடி இருக்கலாம் என்று சந்தேகமுள்ள நிலத்தில் எல்லோரும் ஒற்றை வரிசையில் போவார்களாம். முதல் ஆள் கால் வைத்த தடத்திலேயே அடுத்தவன் கால் வைக்க வேண்டும், அவன் வைத்த இடத்தில் அதற்கடுத்தவன். எப்போதும் முதல் ஆள் என் தம்பிதான். அவன் கண்ணை நம்பி அத்தனை பேரும் பின்னால் வருவார்கள். ஒருநாள் அவன் மிதித்த அதே இடத்தை அவனுடைய உயிர்த் தோழன் மிதித்தான். தம்பிக்கு வெடிக்காதது தோழனுக்கு வெடித்தது.

மண்ணுக்குள் இருப்பதற்கு நீயா பொறுப்பு என்று எத்தனையோ பேர் எடுத்துச் சொல்லியாகிவிட்டது. தலையாட்டுவான். பிறகு போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொள்வான்.

இந்த மாதிரி ஆட்களுக்காகவே எங்கள் ஊரில் ஒரு மையம் இருக்கிறது. ராணுவத்திலிருந்து மனசு புண்பட்டு வந்தவர்களை உட்காரவைத்துப் பேச ஒரு டாக்டரம்மா வருவார். அந்த அம்மாள் நல்லவர். கட்டடத்தைத்தான் எந்தப் புத்திசாலி கட்டினானோ தெரியவில்லை. உள்ளே போனால் நீளமாக ஒரு நடைவழி, கடைசியில் டாக்டரம்மா அறை. காத்திருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்க வேண்டும். என் தம்பி அங்கே போகாமல் இல்லை. போவான். பின்னால் ஒருவர் வந்து நின்றதும் "நீங்க முன்னாடி போங்க" என்று இடம் கொடுப்பான். அடுத்து இன்னொருவர் வருவார், அவருக்கும் கொடுப்பான். சாயங்காலம் கதவைச் சாத்தும்வரை எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குத் திரும்புவான். இப்படி எத்தனை முறை. அந்த அறைக்குள் மேசை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவன் என்றைக்காவது அந்தக் கதவைத் தாண்டினால் பிழைத்தான், இல்லாவிட்டால் சுவரோடு சுவராகவே போய்விடுவான் என்று எனக்குப் பயம்.

இந்த நிலைமையில் மையத்துக்குப் பணம் போதவில்லை, டாக்டரம்மா வருவதே நின்றுபோகும் என்றார்கள். விசில்காரர் சும்மா இருப்பாரா? நீர்த்தேக்கத்தைச் சுற்றி மையம் வரைக்கும் ஒரு நடை, நடக்கிற ஒவ்வொருவருக்காகவும் அவரவர் சொந்தக்காரர்களும் முதலாளிகளும் நிதி கொடுப்பார்கள் என்று ஏற்பாடு செய்துவிட்டார். எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்து தருவது எங்கள் கடையின் பங்கு. சட்டைகளைக் கொண்டுவந்து போட்டவர், தம்பியையும் நடக்கக் கூப்பிட்டார். தம்பி தலையை நிமிர்த்தாமல் வேலையைப் பார்த்தான்.

விசில்காரர் இஸ்திரி மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "எனக்குக் கடைசி ஆள் ஒருத்தன் வேணும்டா. கால் வலிச்சு உக்காந்துட்டவங்களை எழுப்பிக் கூட்டிட்டு வரணும். உனக்குப் பின்னாடி ஒரு ஈ காக்கா இருக்காது. நான் பொறுப்பு."

தம்பி மடித்த சட்டையை ஓரமாக வைத்தான். அப்புறம், "அக்கா வந்தா வரேன்" என்றான்.

என் முட்டி வலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நடக்கிற அன்று காலையில் இறங்கியிருந்த பனிமூட்டத்தைச் சொல்லி மாளாது. எங்கள் கடை ஆவி கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் ஊரை முழுங்கிவிட்டதோ என்று நினைத்தேன். ஒரு பக்கம் நீர்த்தேக்கம், ஆனால் தண்ணீர் தெரியவில்லை, அது கரையைத் தொடும் சத்தம் மட்டும். மறுபக்கம் முள்வேலி, அதற்கப்பால் நிலமா வானமா என்று புரியாத வெளுப்பு. பாதை குறுகல் என்பதால் எல்லோரும் ஒற்றை வரிசையாகப் போனோம். முதலில் விசில்காரர், அவருக்குப் பின்னால் ஊர்க்காரர்கள், அதற்குப் பின்னால் முன்னாள் ராணுவத்தார், அப்புறம் நான், கடைசியில் தம்பி. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் பனிக்குள் கரைந்துபோய், தலைகளும் கால்களும் மட்டும் மிதந்து போய்க்கொண்டிருந்தன. கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை உரசுகிற சத்தம் முன்னால் வரிசையாகக் கேட்டது. நான் போட்ட கஞ்சிதான். ஏனோ அதைக் கேட்டுக்கொண்டே எத்தனை தூரம் வேண்டுமானாலும் போகலாம் போலிருந்தது. முட்டிகூட வலிக்கவில்லை.

தம்பி எனக்குப் பின்னால் சீராக வந்துகொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது அவன் முகம் விரிப்பு மடிக்கும் நேரத்து முகமாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அழுகை வந்துவிட்டது. பனி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் முன்னால் விசில் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது இது. முன்னால் பாதை உடைந்து தண்ணீர் ஓடியிருக்கிறது. வேறு யாராவது முன்னால் போயிருந்தால், அய்யய்யோ வழி இல்லை, எல்லோரும் திரும்புங்கள் என்று சத்தம் போட்டிருப்பார்கள். கூட்டம் கலைந்து, முட்டி மோதி, ஒருவழியாக வந்து சேர்ந்திருக்கும். விசில்காரருக்கு அப்படியெல்லாம் செய்ய வராது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அபவுட் டர்ன்.

முன்னாள் ராணுவத்தார் அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்பினார்கள். வயசாகி, வயிறு தள்ளி, ஒருவருக்குச் செயற்கைக் கால்கூட. குதிகால்கள் ஒரே சத்தமாகத் தட்டின. அதைப் பார்த்து ஊர்க்காரர்களும் அசட்டுச் சிரிப்போடு திரும்பினார்கள். நானும் திரும்பினேன். தம்பியும் பழக்கதோஷத்தில் திரும்பிவிட்டான். வேலியில் ஒரு இடைவெளி இருக்கும், அதன் வழியாக நிலத்தைக் கடந்தால் அந்தப் பக்கம் சாலை, அங்கிருந்து மையம் கூப்பிடு தூரம் என்று விசில்காரர் சொன்ன சேதி வாய்க்கு வாய் மாறி எங்களிடம் வந்தது. அந்த இடைவெளி தம்பியின் மூக்குக்கு நேராக இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசி ஆள் முதல் ஆள் ஆகிவிட்டான். அவனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் ஊரே. அவனுக்கு முன்னால் புல் பூண்டில்லாத ஈர மண்.

தம்பி அசையவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடிக்கும் அந்தக் கை, ஒன்றுமில்லாத காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்குப் பின்னால் நின்ற ராணுவத்தார் அதைப் பார்த்ததும் அப்படியே உறைந்தார்கள். முதல் ஆள் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. நிற்கச் சொல்லி ஒருவர் கையை உயர்த்தினார், அடுத்தவர் உயர்த்தினார், அது அப்படியே பனிக்குள் போயிற்று.

ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? இறந்துபோன வீரர்களுக்கு மௌன அஞ்சலி என்று நினைத்துவிட்டார்கள். எங்களுக்கு விரிப்பு கொடுக்கிற ஓட்டல் மேனேஜர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். உடனே எல்லாத் தொப்பிகளும் இறங்கின. யாரோ இருமலை அடக்கிக்கொண்டார். ஒரு அம்மாள் விசும்புவதுகூடக் கேட்டது. அவ்வளவு பெரிய கூட்டம், தலையைக் குனிந்துகொண்டு, மூச்சுக் காட்டாமல் பனிக்குள் நின்றது. மௌனம் நீண்டுகொண்டே போயிற்று. முடித்துவைக்க ஆள் இல்லை. சத்தமில்லாத அந்த இடத்தில் நின்றுகொண்டு, நாம் எல்லோரும் தண்ணீருக்குள் இருக்கிறோமோ என்று நினைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. விசில்காரர் மேல், மண் மேல், அந்த நடைவழியைக் கட்டியவன் மேல். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். "இதுல என்ன இருக்கு? நான் போறேன் பாரு" என்று அவன் காதில் சொல்லிவிட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு வேலியைத் தாண்டி மண்ணில் இறங்கினேன்.

விறுவிறுவென்று நடந்தேன். மண் மெத்தென்று இருந்தது. ஒவ்வொரு அடியும் கொஞ்சம் உள்ளே போய், கொஞ்சம் யோசித்து, காலை விட்டது. திரும்பிப் பார்த்தேன். வேலியைக் காணோம். கூட்டத்தைக் காணோம். முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை. நான் வந்த தடம் மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்து, பிறகு அதுவும் இல்லை. அடுத்த அடிக்காகக் காலைத் தூக்கினேன்.

தூக்கிய காலை வைக்க முடியவில்லை.

அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். யாரோ ஒரு விவசாயியின் நிலம், அவ்வளவுதான். ஆனாலும் என் உள்ளங்காலுக்கு அது தெரியவில்லை. இந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறதோ என்று அது கேட்டது. ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றேன். இத்தனை காலமாக இவன் ஒவ்வொரு அடியும் இப்படித்தான் வைக்கிறானா? கடையில், படியில், வீட்டுக் கூடத்தில்? ஆடிப்போய்விட்டேன்.

"தம்பி" என்று கூப்பிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "கால் வைக்க முடியலடா."

பிறகு மண்ணில் காலடி கேட்டது. நிதானமாக, ஒரே சீராக. பனிக்குள்ளிருந்து அவன் முகம் வந்தது, விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வருவது மாதிரி. என் தடத்திலேயே கால் வைத்து வந்தான். என் பாதம் சின்னது, என் எட்டும் சின்னது. அவ்வளவு பெரிய ஆள் சின்னச் சின்ன எட்டாக வைத்து வந்ததைப் பார்க்க வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

என் தோளைத் தொட்டான். என்னைத் தாண்டி ஓர் அடி முன்னால் போனான். குனிந்து மண்ணைப் பார்த்தான். அந்தக் கண் இன்னும் அவனிடம்தான் இருந்தது.

"என் பின்னாடி வாக்கா. நான் வச்ச இடத்துல வை" என்றான்.

சொன்னபிறகுதான் அவனுக்கே அது கேட்டிருக்க வேண்டும். முதுகு விறைத்தது. அவன் இப்போது ஒதுங்கி நின்று "நீ முன்னாடி போ" என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது, இந்த ஜென்மத்தில் இவன் அந்தக் கதவைத் தாண்டமாட்டான். தூக்கிய காலை மெதுவாக இறக்கி அவன் தடத்தில் வைத்தேன். அவன் அதைக் கேட்டான், முதுகாலேயே கேட்டான்.

"இருக்கியா?" என்றான், திரும்பாமல்.

"இருக்கேன்."

ஓர் அடி வைத்தான். நானும் வைத்தேன்.

"இருக்கியா?"

"இருக்கேன்டா."

அப்படியே போனோம். கேட்பான், சொல்வேன். பனி எங்களைச் சுற்றி மெதுவாக விலகிக் கொடுத்து, பின்னால் மறுபடி மூடிக்கொண்டது. எவ்வளவு நேரம் போனோம் என்று எனக்குத் தெரியாது. அது முடியவே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது. நடுவில் எங்கேயோ என் பதிலுக்குப் பிறகு இன்னொரு குரல் "இருக்கேன்" என்றது. திடுக்கிட்டுத் திரும்பினேன். செயற்கைக் கால் வைத்த மனிதர் என் தடத்தில் கால் வைத்து வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் "இருக்கேன்" என்றார். அதற்கும் பின்னால், முகம் தெரியாத தூரத்திலிருந்து, ஒவ்வொரு குரலாக. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களும் வந்தார்கள். ஒருவர்கூடத் தடத்தை விட்டு வெளியே மிதிக்கவில்லை. அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. முன்னால் போகிறவரைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறார்கள்.

தம்பியின் தோள்கள் குலுங்கின. அழுதான். அழுதுகொண்டே அடியெடுத்து வைத்தான், கேட்டான், நடந்தான்.

சாலைக்கு வந்தபோது பனி லேசாகக் கலைந்திருந்தது. கடைசியாக வேலியைத் தாண்டி வந்த விசில்காரர் நிலத்தைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு பெரிய கூட்டம் கடந்த மண்ணில் ஒரே ஒரு ஆளின் தடம்தான் இருந்தது. ஆழமாக. அவர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை, எடுத்துவிட்டார். ஓட்டல் மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மௌன அஞ்சலி மனசை உருக்கிவிட்டது, அடுத்த முறையும் கட்டாயம் வைக்க வேண்டும் என்றார். ஆகட்டும் என்றேன். வேறு என்ன சொல்ல?

மையத்தில் டாக்டரம்மா அறையைத் திறந்துதான் வைத்திருந்தார், பேச விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று. நாங்கள் வந்த வரிசை கலையாமலே அந்த நடைவழிக்குள் புகுந்தது. தம்பி முதலில், அவன் முதுகுக்குப் பின்னால் நான். என் காலணியில் நிலத்து மண் ஒட்டியிருந்தது. பாதி வழியில் அவன் நின்றான். இடது பக்கம் ஒதுங்க இடம் இருந்தது. எத்தனையோ நாள் அவன் ஒதுங்கிய அதே இடம். அந்தச் சுவரில் அவன் முதுகு பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு தேய்ந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு முறைதான்.

ஒதுங்காமல் நடந்தான். உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

நான் வெளியே நின்றேன். உள்ளே டாக்டரம்மா மெதுவாக ஏதோ கேட்டார். நாற்காலி நகர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அப்படியே இருந்தது.

"அக்கா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இருக்கியா?"

"இருக்கேன்டா" என்றேன், கதவைப் பார்த்து. "நீ பேசு."

எனக்குப் பின்னால் நின்றவர் "இருக்கேன்" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும் சொன்னார். நடைவழி நெடுக, வாசலைத் தாண்டித் தெரு வரைக்கும் அது போயிற்று. எல்லாக் குரலும் ஓய்ந்த பிறகு, உள்ளே என் தம்பி பேச ஆரம்பித்தான்.